நடுவட்டத்தில் எழும்பியவனுக்குப் பிந்திய பதில்

காரை வருடாந்தச் சோதனைக்குக் கொடுப்பதற்காக டிக்கியைக் காலிசெய்தபோது உன் கால் கவசம் ஒன்று அகப்பட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பை மூடுகிற வெள்ளைப் பிளாஸ்டிக், உள்ளே பஞ்சு, வலது காலுக்குரியது. உதிரி டயருக்கும் உடைந்த குடைக்கும் நடுவில் ஒரு குளிர்காலம் முழுவதும் கிடந்திருக்கிறது. எடுத்தவுடன் யூகலிப்டஸ் தைலமும் காய்ந்த புல்லும் நாட்பட்ட வியர்வையும் கலந்த அந்த வாசனை வந்தது. ஒரு மனிதன் போய் ஐந்து மாதங்களுக்குப் பிறகும் அவனுடைய வியர்வை பதவியில் நீடிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முதலில் சமையலறை மேசையில் வைத்தேன். சாப்பிடுகிற இடத்தில் இன்னொருவனின் கால் கவசம் சரியில்லை என்று பட்டது. வாசலருகே சப்பாத்துத் தட்டில் வைத்தேன். அங்கே அது யாரோ விருந்தாளி உள்ளே இருப்பதுபோல் காட்டியது. பிறகு புத்தக அலமாரி, பிறகு ஜன்னல் விளிம்பு. மூன்று நாட்களாக இதைத்தான் செய்தேன். நிலைகொள்ளாமல் இருப்பது நான்தான் என்று ஒப்புக்கொள்வதைவிடக் கவசத்தை இடம் மாற்றுவது எளிது.

காரணத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நீ என்னிடம் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டாய். "உன்ர கையும் எழும்பினதோ?" மூன்று முறையும் இல்லை என்றேன். அது பொய். உன்னை அணியிலிருந்து எடுப்பதற்கு உயர்ந்த இரண்டு கைகளில் ஒன்று என்னுடையது. இந்த மடல் அந்தப் பதிலைத் திருத்துவதற்கு. பிந்தி வரும் கடிதங்களை என்ன செய்வார்கள் என்பது என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் லண்டனில் குறைவு. கவுன்சிலில் பார்க்கிங் முறையீடுகளை வாசித்து நிராகரிப்பதற்காகவே எனக்குக் கதிரை போட்டிருக்கிறார்கள். கிடைத்தது என்று ஒரு முத்திரை, காலம் கடந்துவிட்டது என்று ஒரு வரி. முடிந்தது.

உன்னை முதலில் கண்டது ஆர்ச்வே கோயிலில். எல்லோரும் சுவாமியைப் பார்க்க எட்டி எட்டி நின்றார்கள். உனக்குப் பின்னால் நின்றதால் எனக்கு உன் முதுகே தரிசனம். "தம்பி, கொஞ்சம் குனியும்" என்று ஒரு அம்மா கேட்டார். நீ குனிந்தாய். அப்போதும் மறைத்தாய். வெளியே வந்து என் சப்பாத்துகளைத் தேடினேன். அவை தனியாக, ஒரு மூலையில், குழந்தைகளின் சப்பாத்துகளோடு கிடந்தன.

"ஐயோ, இது உம்மடையோ? நான் ஆரோ பிள்ளையின்ர எண்டு அங்கால வைச்சன்" என்றாய். ஆறடி நாலு அங்குல உயரத்திலிருந்து வந்த மன்னிப்பு என்பதால் அது என்னை வந்துசேரச் சற்று நேரம் எடுத்தது.

பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாய். அந்தப் பார்வைக்கு என் நீளம் போதாது. ஐந்தடி நாலு அங்குலந்தான்.

"உமக்கு நாரி நோ ஒண்டும் இல்லையே?"

"இல்லை."

"கெதியாக் குனிஞ்சு எழும்ப ஏலுமோ?"

"ஏலும்."

"சனிக்கிழமை என்ன செய்யிறீர்?"

அன்னதானத்துக்கு ஆள் பிடிக்கிறாய் என்று நினைத்து, ஒன்றுமில்லை, வருகிறேன் என்றேன். இல்லாவிட்டால் ஆஸ்திரேலிய ரூல்ஸ் காற்பந்தை நான் என் ஆயுளில் கண்டிருக்க மாட்டேன்.

உன் கதை காரில் தவணை முறையில் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் கரப்பந்தாட்டத்தில் வலைக்கு முன்னால் நின்று மற்றவர்களின் அடியை மறித்தவன். பிறகு மெல்பேர்னின் ஓரத்தில் எட்டு வருடம், பண்டகசாலை வேலை. ஒருநாள் வேலிக்கு மேலால் உன் தலையைக் கண்ட பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த நாள் முட்டை வடிவப் பந்து ஒன்றோடு கதவைத் தட்டினாராம். பிறகு உன் மனைவி வசந்திக்கு லண்டனில் தாதி வேலை கிடைத்தது. நீ அந்தப் பந்தையும் தூக்கிக்கொண்டு மோர்டனுக்கு வந்தாய். நானும் மோர்டன். ஒவ்வொரு சனிக்கிழமையும் என் சின்னக் காரின் முன்னிருக்கையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஏறுவாய். அது ஏற்கெனவே முடிந்த மட்டும் பின்னுக்குத்தான் இருக்கும். இருந்தாலும் ஒருமுறை தள்ளிப் பார்ப்பாய்.

அணி என்று சொன்னது ஒரு தென்லண்டன் பொதுப்புல்வெளியில் கூடும் மனிதர்கள். பாதிப் பேர் இரண்டு வருட விசாவில் வந்த ஆஸ்திரேலியர்கள். சில அயர்லாந்துக்காரர். ரக்பி என்று நினைத்து வந்து, திரும்பிப் போகக் கூச்சப்பட்டுத் தங்கிவிட்ட வேல்ஸ்காரர் ஒருவர். பயிற்றுநர் ஹெலன், பெர்த்தில் பிறந்த உடற்பயிற்சிச் சிகிச்சையாளர், எங்கள் எல்லோருடைய முழங்கால்களின் வரலாற்றையும் அறிந்தவர். தலைவர் கானர், அயர்லாந்து மின்வேலைக்காரர். உனக்குக் 'கிரேன்' என்று பெயர் வைத்தார்கள். எனக்கு என் உத்தியோகம் தெரியவந்த நாளிலிருந்து 'பார்க்கிங்'.

ஆட்டம் தொடங்குவது நடுவட்டத்தில். நடுவர் பந்தை மேலே விடுவார். இரண்டு அணியிலும் இருந்து ஒவ்வொரு நெட்டையன் ஓடிவந்து எழும்புவான். அவன் பெயர் ரக்மன். பந்தைப் பிடிப்பது அவன் வேலை இல்லை. காலடியில் வட்டமிடும் தன் பக்கத்துக் குட்டையன் ஒருவனின் கைக்குப் பந்து போய்ச்சேரும்படி உள்ளங்கையால் தட்டிவிடுவது. நீ தட்டினாய், நான் பொறுக்கினேன்.

"புள்ளிப் பலகையில என்ர பேர் வராது. கோல் போட்டவன்ர பேர் வரும். ஆனா முதல் தொட்டது ஆர்?" என்று கேட்டாய் ஒருநாள், பதில் எதிர்பார்க்காமல், வாழைப்பழம் தின்றுகொண்டு.

எந்தப் பக்கம் தட்டப்போகிறாய் என்பது எனக்கு மட்டும் தெரியவேண்டும். அதற்குத்தான் அந்த ரகசியக் குறிகள். தெற்கே தட்டுவதானால் 'மோர்டன்', வடக்கே என்றால் 'ஆர்ச்வே', மேற்கே என்றால் 'சவுத்தால்'. லண்டன் வரைபடத்தை ஒருமுறை பார்த்த எவரும் இரண்டு நிமிடத்தில் அவிழ்த்துவிடக்கூடிய ரகசியம். ஆனால் எதிரணிகளிலும் லண்டனைச் சேர்ந்தவர் எவரும் இருக்கவில்லை. ஆட்டம் முடிந்து எங்கே சாப்பிடப்போவது என்று விவாதிக்கிறோம் என்று நினைத்தார்கள். ஒரு நியூசிலாந்துக்காரர், சவுத்தாலில் நல்ல கடை எது என்று என்னிடம் உண்மையாகவே கேட்டார்.

புது மைதானம் ஒன்றுக்குப் போனால் காரிலிருந்து இறங்கியதும் போனில் திசைகாட்டியைத் திறந்து நாலு பக்கமும் திரும்புவாய். நீ வாஸ்து பார்க்கிறாய் என்று கானர் மற்றவர்களுக்கு விளக்கம் கொடுத்திருந்தார்.

சிக்கல் வந்தது இரண்டாவது கால்பகுதியில். இந்த ஆட்டத்தில் நாலு பகுதிகள். ஒவ்வொரு பகுதி முடிவிலும் அணிகள் பக்கம் மாறும். வழக்கம்போல முதலில் தெற்கு நோக்கி உதைத்த நாங்கள் இரண்டாவதில் வடக்கு நோக்கி உதைப்போம். என் கணக்கில் மோர்டன் என்றால் நாங்கள் கோல் போடுகிற பக்கம். பக்கம் மாறினால் மோர்டனும் எங்களோடு மாறவேண்டும். நீ 'மோர்டன்' என்று கத்தி உண்மையான தெற்கே தட்டினாய். நான் வடக்கே கைகளை விரித்துக்கொண்டு நின்றேன். பந்து எதிரணிக்காரன் மடியில் போய் விழுந்தது.

"எங்கையடா நிக்கிறாய்?"

"மோர்டனிலதான் நிக்கிறன்."

"அது ஆர்ச்வே."

"பக்கம் மாறிட்டமெல்லோ. இனி இதுதான் மோர்டன்."

"விசரா, மோர்டன் எங்கை போகும்? இருந்த இடத்திலதான் இருக்கும். நீயும் நானும்தான் போறதும் வாறதும்."

ஆட்டத்தை நிறுத்தி இரண்டு தமிழர்கள் நடுவட்டத்தில் ஒரு ரயில் நிலையத்தின் இருப்பிடம் பற்றி வாதாடிய காட்சி அந்தப் புல்வெளிக்குப் புதிது. நடுவர் எங்கள் இருவரையும் எச்சரித்தார். காரில் வீடு போகும்வரை தொடர்ந்தோம். தீர்வு இல்லை. அடுத்த வாரம் அதைப்பற்றி நீ பேசவில்லை, நானும் பேசவில்லை. நீ சொன்னது சரியாக இருக்கலாம் என்று எனக்குப் பட்டிருந்தது. சொல்லாமலே உன் மோர்டனுக்கு மாறிவிட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள். பின்னால் தேவைப்படும்.

உன்னைப்போன்றவர்களின் காலம் பற்றி நீயே பகிடியாகச் சொல்வாய். "முந்தி ரக்மன் எண்டாக் கோயில் யானை மாதிரி. நடுவில வந்து நிப்பான். எழும்புவான். தட்டுவான். பேந்து முன்னுக்குப் போய் ஆறுதலா நிப்பான். அதுக்கும் மாறி மாறி ரெண்டு பேர். இப்ப ஒருத்தன்தான். அவனும் ஓடவேணும், பொறுக்கவேணும், உதைக்கவேணும். யானையைப் பிடிச்சுக் குதிரை வேலை வாங்கிறாங்கள்."

நீ பகிடியாகச் சொன்னதை நான் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டேன். வாசிக்கிற பழக்கம் உள்ளவனிடம் ஒரு விளையாட்டைக் கொடுத்தால் அவன் விளையாட்டைக் கெடுத்துவிடுவான். மெல்பேர்னில் எழுதுகிறவர்களை எல்லாம் தேடி வாசித்தேன். தட்டலில் வெல்கிற அணி ஆட்டத்தில் வெல்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சிலர் எழுதினார்கள். நெட்டையனை விட்டுவிட்டு, உயரம் குறைந்தாலும் நாள் முழுதும் ஓடக்கூடிய ஒருவனை நடுவில் போட்டால் கீழே ஒரு ஆள் கூடுதலாகக் கிடைக்கும் என்று சிலர். எனக்குப் பிடித்துவிட்டது. கணினியில் ஒரு அட்டவணை தொடங்கினேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் உன் ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு வரி. எந்தப் பகுதி, பந்து யார் கைக்குப் போனது. ஆட்டம் முடிந்து எல்லோரும் பியர் குடிக்கும்போது நான் இதை நிரப்பினேன். அணிக்குச் சேவை செய்வதாகவே நம்பினேன்.

அட்டவணை சொன்னது இது: கோடை போகப் போக உன் தட்டல்களில் நிறைய எதிரணிக்குப் போயின. முதல் பகுதியில் நன்றாக இருந்தாய், இரண்டாவதில் சரிந்தாய், மூன்றாவதில் மீண்டாய், நாலாவதில் மறுபடி சரிந்தாய். களைப்பு என்று எழுதினேன். நாற்பத்தைந்து வயது மனிதன் மூன்றாவது பகுதியில் மட்டும் எப்படி மீண்டும் இளைஞனானான் என்று என்னை நானே கேட்கவில்லை. இப்படியொரு ஓட்டையோடு எவராவது முறையீடு அனுப்பியிருந்தால் ஒரே பந்தியில் கிழித்திருப்பேன்.

இறுதி ஆட்டத்துக்கு முந்திய திங்கட்கிழமை மாலை, பப்பின் பின்தோட்டத்தில் தெரிவுக்குழு கூடியது. ஹெலன், கானர், நான். கூட்டக் குறிப்பு எழுதத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியில் நான். கானர் உனக்குப் பதிலாக ஒரு விசா இளைஞனைப் போடலாம் என்றார். நல்ல ஓட்டக்காரன், உயரம் சுமார். நான் மடிக்கணினியைத் திறந்தேன். ஹெலன் அரை மணிநேரம் உனக்காக வாதாடினார். "இந்த அட்டவணையில் அவர் எழும்புவது இல்லையே. விழுந்த பந்து மட்டும்தானே இருக்கிறது" என்றார். அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டேன். கவனிக்கவில்லை.

"மாற்றுவதற்குச் சம்மதமானவர்கள் கை உயர்த்துங்கள்."

கானரின் கை எழும்பியது. பிறகு என்னுடையது. அவ்வளவு உயரத்துக்கு அல்ல. தோள் மட்டத்துக்கு. சிற்றுண்டிச்சாலையில் தண்ணீர் கேட்பவனைப்போல. ஆனால் எண்ணப்பட்டது.

மறுநாள் பயிற்சிக்குப் போக உன்னைக் காரில் ஏற்றினேன். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினாய். அது போகவில்லை.

"மூண்டு பேரல்லோ குழுவில?"

"ஓம்."

"ரெண்டு கை எழும்பினதாம்."

"ஓம்."

"உன்ர கையும் எழும்பினதோ?"

சிவப்பு விளக்கு. வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் ஒரு விளக்கைப் பார்த்ததில்லை.

"இல்லை மச்சான். நான் உனக்காகத்தான் கதைச்சனான்."

"சரி" என்றாய்.

மூன்று பேரில் ஒருவர் கானர். நான் இல்லையென்றால் மற்றக் கை ஹெலனுடையதாகிறது. இந்தக் கூட்டல் என் வாயிலிருந்து வெளியேறிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. உனக்காக வாதாடிய ஒரே ஆளை உனக்கு எதிரியாக்கிவிட்டேன். திருத்தியிருக்கலாம். விளக்கு பச்சையாகிவிட்டது.

சனிக்கிழமை நீ தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினாய். தண்ணீர் கொடுப்பவன் ஆட்டக்காரர் எல்லோரையும்விட ஒரு முழம் உயரமாக இருந்த ஒரே இறுதி ஆட்டம் அதுவாகத்தான் இருக்கும். நாங்கள் தோற்றிருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். வென்றோம். அதுவும் சுலபமாக. கோப்பையை என் கையில் தந்து, "பாத்தியா, யானை இல்லாமலும் தேர் ஓடும்" என்று சிரித்தாய். பதிலுக்கு என்ன முகம் காட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. படத்தில் பார்த்தால் முறையீட்டை நிராகரிக்கிற முகமாக இருக்கிறது.

இரண்டாவது முறை கேட்டது மழைக்காலத்தில், கோயிலில், சாப்பாட்டுத் தட்டுகளோடு நின்றுகொண்டு.

"ஹெலன் ஏன் கை தூக்கினவ எண்டுதான் எனக்கு விளங்கேல்லை" என்றாய், சாம்பாரைப் பார்த்தபடி. "நல்ல மனிசி. நீ தூக்கேல்லைத்தானே?"

"சீ, இல்லை. வெள்ளைக்காரரின்ர மனம் ஆருக்குத் தெரியும்?"

"ஓமோம்" என்றாய். "ஆருக்குத் தெரியும்." இன்னும் கொஞ்சம் சாம்பார் விட்டுக்கொண்டாய்.

பிறகு அந்த நோய். அது ஓட்டக்காரன். நீ எழும்புவதற்குள் பந்தைக் கொண்டு போய்விட்டது. மருத்துவமனைக் கட்டிலின் முடிவுக்கு அப்பால் உன் பாதங்கள் நின்றன. தாதிமார் அங்கே ஒரு கதிரையை வைத்து அதன்மேல் தலையணை போட்டிருந்தார்கள். ஒரு பிற்பகல் கண்ணைத் திறந்து கேட்டாய்.

"மச்சான், இதில மோர்டன் எந்தப் பக்கம்?"

ஜன்னலைக் காட்டினேன். நீ தலையை அசைத்து, ஒரு விரலால் கதவைக் காட்டினாய். பிறகு போனில் பார்த்தேன். கதவுதான்.

"ஒண்டு கேக்கிறன். சும்மாதான். உன்ர கையும் எழும்பினதோ?"

"இல்லையெண்டு எத்தினை தரம் சொல்லுறது? இப்ப உதோ கதை? படு."

"சரி. பந்து கோட்டுக்கு வெளியால போயிட்டுது" என்றாய். மருந்து பேசுகிறது என்று நினைத்தேன்.

உன் பெட்டி வழக்கமான அளவு இல்லை. சொல்லிச் செய்வித்தார்கள். தூக்குவதற்கு ஆறு பேரில் என்னையும் நிறுத்தினார்கள். நான் பின்னால், இடப்பக்கம். மற்ற ஐவரும் அணிக்காரரும் உன் மைத்துனர்மாரும். அவர்கள் தோளில் ஏற்றியதும் என் மூலை காற்றில் நின்றது. கையை முழுவதும் நீட்டியும் விரல் நுனிக்கும் பலகைக்கும் இடையே ஒரு சாண். மண்டபம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கையை உயர்த்தியபடியே, சுமப்பவனைப்போல, நடந்தேன். அந்தக் கை அன்று ஒரு பாரத்தையும் தாங்கவில்லை. இதையும் சேர்த்து எழுதிக்கொள்.

சரி, கவசத்துக்கு வருகிறேன். நாலாவது நாள் அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு வசந்தியிடம் போனேன். அவர் வேலை உடுப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கவசத்தை மேசையில் வைத்தேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"வசந்தி, ஒரு விசயம் சொல்லவேணும். அவனை அண்டைக்கு எடுத்தது... கை தூக்கினதில நானும் ஒராள். அவன் கேக்கேக்கை இல்லையெண்டு பொய் சொன்னனான்."

இஸ்திரிப் பெட்டி சட்டையின் கழுத்தைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் போய் வந்தது.

"அது அவருக்குத் தெரியும் அண்ணை."

"என்ன தெரியும்?"

"திங்கக்கிழமையே ஹெலன் போன் எடுத்துச் சொன்னவ. ரெண்டு கையும் ஆரின்ர எண்டு. பாவம், அவதான் அழுதவ. இவர்தான் ஆறுதல் சொன்னவர்."

அதாவது, காரில் நீ முதல் தரம் கேட்பதற்கு முந்திய மாலையே.

"பேந்து ஏன் என்னட்டைக் கேட்டவன்? மூண்டு தரம்?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு." வசந்தி சட்டையைத் தூக்கி மடிப்பைப் பார்த்தார். "நான் பேசினனான், ஏன் அந்தாளைப் போட்டு வதைக்கிறியள் எண்டு. வதைக்கேல்லையப்பா, கையில குடுக்கிறன், பிடிக்கிறானில்லை எண்டவர். கடைசியா ஆஸ்பத்திரியில, இனிக் கேக்க மாட்டன் எண்டவர். தேத்தண்ணி போடட்டோ?"

போடச் சொன்னேன். பிறகு வேண்டாம் என்றேன். பிறகு குடித்தேன்.

வசந்தி உள்ளே போய் இடது காலின் கவசத்தைக் கொண்டுவந்தார். "ரெண்டையும் நீங்களே கொண்டுபோங்கோ. எனக்கு இது என்னத்துக்கு? அதோட அண்ணை, உங்கட அந்த மோர்டன் சண்டை என்னெண்டு முடிஞ்சது? வீட்டிலயும் ஒரே அந்தக் கதைதான். கடைசியில, சரி, அவன்ர மோர்டனையே வைச்சுக்கொள்ளுவம், சண்டை என்னத்துக்கு எண்டு விட்டிட்டார்."

"என்ர மோர்டனையோ?"

"ஓம். கோல் பக்கம். அப்பிடித்தானே நீங்கள் சொன்னது?"

வீட்டுக்கு வந்து அட்டவணையைத் திறந்தேன். பகுதிவாரி எண்களை எங்கள் கோல் இருந்த திசையோடு சேர்த்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஒரு கோடை முழுவதும் அந்த ஒரு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை. முதலாம், மூன்றாம் பகுதிகளில் எங்கள் கோல் உண்மையாகவே மோர்டன் பக்கம். இரண்டு மோர்டனும் ஒரே இடம். பந்து என் கைக்கு வந்திருக்கிறது. இரண்டாம், நாலாம் பகுதிகளில் நீ எனக்காக விட்டுக்கொடுத்து என் மோர்டனுக்குத் தட்டினாய். நான் உனக்காக விட்டுக்கொடுத்து உன் மோர்டனில் போய் நின்றேன். ஒருவருக்கொருவர் சொல்லவில்லை. இரண்டு பேரின் பெருந்தன்மைக்கும் நடுவில் பந்து விழுந்தது. எதிரணிக்காரன் பொறுக்கிக்கொண்டு ஓடினான். அந்த வரிகளைத்தான் 'களைப்பு' என்று தலைப்பிட்டுக் குழுவுக்குக் காட்டினேன். உன்னை அணியிலிருந்து எடுத்த ஆதாரம், நான் தவறான இடத்தில் நின்ற ஆதாரம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மெல்பேர்னில் இந்த வருடம் விதிகளை மறுபடி மாற்றியிருக்கிறார்கள். நடுவர் பந்தைத் தரையில் அடித்து எழுப்புகிற பழைய சடங்கு போய்விட்டது. கையால் மேலே எறிகிறார். நாய்கள் குழி தோண்டிய எங்கள் புல்வெளியில் எப்போதும் அப்படித்தான் என்பதால், இந்த ஒரு விடயத்தில் உலகம் எங்களைப் பின்பற்றுகிறது. ரக்மன்கள் நடுக்கோட்டைக் கடந்துபோய் மற்றவனை முட்டித்தள்ளவும் கூடாதாம். தன் பக்கத்திலிருந்து ஓடிவந்து எழும்பவேண்டும். மல்லுக்கட்டுகிறவனைவிட எழும்பத் தெரிந்தவனுக்கே இனி மதிப்பு என்று, முன்பு எதிர்மாறாக எழுதிய அதே ஆட்கள் அதே நிச்சயத்தோடு எழுதுகிறார்கள். வலைக்கு முன்னால் பழகிய உன் எழும்பல். இதைப் படித்துவிட்டு உனக்கு அனுப்பப் போனை எடுத்தேன். உன் பெயர்வரைக்கும் போனேன்.

நேற்றுச் சனிக்கிழமை, பருவத்தின் முதல் ஆட்டம். உன் இடத்துக்கு வந்த ஓட்டக்காரனுக்கு விசா முடிந்துவிட்டது. பெர்த்துக்குப் போய்விட்டான். மைதானத்தில் கோடு போட்டு முடித்துவிட்டு ஹெலனிடம் போனேன். உன் விடயத்தைச் சொன்னேன். பழியை அவர்மேல் விட்டதையும் சொன்னேன். ஹெலன் தன் விசிலின் கயிற்றைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"அது எனக்கு அப்போதே தெரியும், பார்க்கிங். ஒவ்வொரு முறையும் உன் பதிலைக் கேட்டுவிட்டு எனக்குப் போன் எடுப்பார். சிரிப்பார். இரண்டாவது முறை வெள்ளைக்காரர் பற்றி ஏதோ சொன்னாயாமே?"

சொன்னேன் என்றேன்.

"முதல் பகுதிக்கு ரக்மன் இல்லை" என்றார் ஹெலன். மன்னித்தாரா என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

இரண்டு அணிகளும் நடுவட்டத்தில் நின்றன. எங்கள் லீக்கில் நடுவர் இன்னும் பழைய முறைப்படி கேட்பார். ரக் யார் என்று சொல்ல, அவர் காணும்படி கையை உயர்த்தவேண்டும். அவர்கள் பக்கத்தில் ஒரு கை எழும்பியது. அதன் கீழே ஆறரை அடிக்கு ஒரு மனிதன் இருந்தான். எங்கள் பக்கத்தில் வேல்ஸ்காரர் தன் சப்பாத்துக் கயிற்றை ஆராய்ந்தார். கானர் வானத்தைப் பார்த்தார்.

நான் உன் இரண்டு கவசங்களையும் கட்டியிருந்தேன். முழங்காலுக்குக் கீழே நிற்கவேண்டியவை எனக்குத் தொடைவரை வந்தன. ஓடும்போது ஒன்றோடொன்று உரசிக் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. நான் கையை உயர்த்தினேன். தோள் மட்டத்துக்கு அல்ல. போகக்கூடிய உயரத்துக்கு. நடுவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்றும் பார்த்தார். எதிரணி ரக்மன் மரியாதையானவன். சிரிக்காமல் இருப்பதற்கு மிகவும் பாடுபட்டான்.

"எந்தப் பக்கம் தட்டுவாய்?" என்று கானர் என் முதுகுக்குப் பின்னால் கேட்டார்.

"மோர்டன்."

"அது எங்கே?"

விரலை நீட்டித் தெற்கைக் காட்டினேன். "அங்கே. பக்கம் மாறினாலும் அங்கேதான்."

பந்து மேலே போனது. ஓடிவந்து எழும்பினேன். என் விரல்கள் அவனுடைய முழங்கை வரைக்கும் போயின. அதற்கு மேல் பந்து தன் வேலையாகப் போய்விட்டது. கீழே வந்து, எழும்பி, அடுத்த முறையும் கையை உயர்த்தினேன். அதற்கடுத்த முறையும். ஒன்றைக்கூடத் தொடவில்லை. அரை நேரத்தில் ஹெலன் என்னை எடுத்துவிட்டார். வாக்கெடுப்பு எதுவும் நடத்தவில்லை. நியாயமான முடிவு.

இன்று வலது தோளை அசைக்க முடியவில்லை. கவசங்கள் திரும்பவும் டிக்கியில், உதிரி டயருக்குப் பக்கத்தில், ஒரு சோடியாக இருக்கின்றன. அவற்றை இனி இடம் மாற்றப்போவதில்லை. எந்த இடத்துக்குப் போனாலும் இறங்கியதும் போனில் திசைகாட்டியைத் திறக்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. சூப்பர்மார்க்கெட் கார்நிறுத்தத்தில் நின்று நாலு பக்கமும் திரும்புகிறேன். பார்ப்பவர்கள் எதையாவது நினைத்துக்கொள்ளட்டும்.

நாலாவது முறை நீ கேட்கமாட்டாய் என்பதால் கேட்காமலே சொல்கிறேன்.

ஓம் மச்சான். என்ர கையும் எழும்பினது.